ரப்பர் முதலைக்கு ஒரு வக்காலத்து

மட்டமான முதலைப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வயது அறுபத்தொன்பது ஆகிறது. இனிமேல் இதை மறைத்து வைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

எந்தப் படங்களைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரத்தில், ஏதாவது ஒரு சேனலில் தமிழ் பேசிக்கொண்டு ஓடும் ஆங்கிலப் படங்கள். ஓர் ஏரி இருக்கும். ஏரிக்கரையில் ஒரு புது ஓட்டலுக்குத் திறப்பு விழா இருக்கும். அரைக்கால் சட்டை போட்ட நாலு இளைஞர்கள் படகில் போவார்கள். வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி ‘இன்னாடா இது’ என்பார். முதலை கரையில் இருக்கும்போது எட்டு அடி, தண்ணீரில் இறங்கியதும் முப்பது அடி. கடைசியில் அது ஓட்டல் முதலாளியைத் தின்றதும் படம் முடியும்.

காலையில் கூட நடக்கும் நண்பர்கள் சிவாஜி படம், ஸ்ரீதர் படம் என்று பேசும்போது நான் முதலையைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள். வீட்டிலும் அதே கதைதான். ‘ரிடையர் ஆனவர் பார்க்கிற படமா இது?’ என்று கேட்டுவிட்டு என் மனைவி உள்ளே போய்விடுவாள். ஆனால் முதலை வாயைத் திறக்கும் நேரத்தில் சரியாக வந்து கதவோரம் நிற்பாள். இந்தப் படங்கள் பொழுதுபோக்குக்கு மட்டுமல்ல, இந்தக் காலத்துக்குத் தேவையும்கூட என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. காசில்லாத படக்காரர்கள் ஏன் முதலையைத் தேடிப் போகிறார்கள்? முதலையே சிக்கனமான பிராணி என்பதுதான் பதில். சிங்கம் ஓட வேண்டும், யானை பிளிற வேண்டும். முதலைக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் போதும், பயம் வந்துவிடும். நிஜ முதலை வேட்டையாடுவதும் அப்படித்தான். அசையாமல் மரக்கட்டை மாதிரி கிடக்கும். குளிர் ரத்தப் பிராணி என்பதால் சாப்பாடு இல்லாமல் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும். படக்காரர் ஒரு மரக்கட்டையை ஏரியில் மிதக்கவிட்டாலே பாதி முதலை தயார்.

தண்ணீர் ஆழமாக இருந்தால் முதலை மற்றதை வெல்லும், தண்ணீரை விட்டு வந்தால் மற்றவை முதலையை வெல்லும் என்று இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். இந்தப் படங்கள் அத்தனையும் அந்த ஒரு கருத்தை வைத்துத்தான் ஓடுகின்றன. 2007இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த ‘பிளாக் வாட்டர்’ என்ற சின்னப் படத்தைப் பாருங்கள். படகு கவிழ்ந்து மூன்று பேர் அலையாத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். கீழே தண்ணீர், தண்ணீருக்குள் எங்கேயோ முதலை. அவ்வளவுதான் கதை. அந்த நாட்டில் நிஜமாகவே நடந்த ஒரு சம்பவத்திலிருந்து பிறந்த படம் அது. பெரிய செட்டு, பெரிய நடிகர் யாரும் இல்லை. நிஜ முதலையைத் தனியே படம் பிடித்து ஒட்டியிருக்கிறார்கள். ‘இறங்கலாமா, வேண்டாமா’ என்ற ஒரே கேள்வியில் முழுப் படமும் நகர்கிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் பல வருடம் ஓட்டியவன் நான். ஆகவே ரப்பர் முதலையைப் பார்த்தால் என் கண் தானாக அதன் தாடைக்குப் போகும். ஹின்ஜ் எங்கே போட்டிருக்கிறான்? வாயைத் திறக்கக் காற்று சிலிண்டரா, இல்லை பின்னாலிருந்து ஆள் வயரை இழுக்கிறானா? பெரும்பாலும் முழு முதலையைச் செய்யவே மாட்டார்கள். கடிக்க ஒரு தலை, தண்ணீரை அடிக்க ஒரு வால். நடுவில் இருக்கும் உடம்புக்கு இருட்டும் சேற்றுத் தண்ணீரும் துணை. கரையிலிருந்து சரசரவென்று இறங்கும் காட்சி மட்டும் ஏதாவது விலங்குப் படத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். 1980இல் வந்த ‘அலிகேட்டர்’ படத்தில், சின்னதாகக் கட்டிய தெருவில் உயிருள்ள சின்ன முதலையை நடக்கவிட்டு, அதை ராட்சச முதலையாகக் காட்டினார்கள். (அலிகேட்டர் வேறு, முதலை வேறு என்று விலங்கியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தமிழில் நாம் இரண்டையும் முதலை என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம்.) கையில் இருப்பதை வைத்து வேலையை முடிப்பது என்றால் என்னவென்று ஷாப் ஃப்ளோரில் நின்றவனுக்குத் தெரியும். உதிரி வராத நாளில் பழைய இரும்பைச் சீவி லைனை ஓட்டியவனுக்கு அந்த முதலையைப் பார்த்தால் சிரிப்பு வரும், மரியாதையும் வரும்.

கடலில் எடுத்த ‘ஜாஸ்’ படத்தின் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் படுத்துக்கொண்டது. அதனால்தான் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே பயமுறுத்தக் கற்றுக்கொண்டார். படம் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் சுறாவை நன்றாகப் பார்க்கிறோம். மெஷின் பிரேக்டவுன் ஆனதால் பிறந்த வித்தை அது. மெயின்டனன்ஸ்காரர்கள் பெருமைப்படலாம்.

இப்படித் தையல் தெரிகிற பொய் நம் ஊருக்குப் புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துரியோதனன் படுகளம் பார்த்திருப்பீர்கள். திடலில் களிமண்ணால் மல்லாந்து கிடக்கும் ராட்சச உருவம். முந்தின நாள் வரை ஏரி மண், அல்லது வயல் மண். பிசைந்தது யார், வண்ணம் அடித்தது யார் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் பீமன் வேஷம் கட்டியவர் கதையை ஓங்கும்போது வயதான அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். களிமண் என்று தெரிந்ததால் கண்ணீர் குறைந்ததா? இல்லை. கண்ணீர் வந்ததால் அதை நிஜ உடம்பு என்று யாராவது நம்பினார்களா? அதுவும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருந்தது.

முதலையும் நமக்குப் பழைய பாத்திரம்தான். காஞ்சிபுரத்தில் அட்டபுயகரம் கோயில் குளத்துக்கே கஜேந்திர புஷ்கரிணி என்று பெயர். யானைக் காலைப் பிடித்த முதலைக் கதையோடு சேர்ந்த தலம். அவிநாசியில் முதலை விழுங்கிய பையனைச் சுந்தரர் பாடித் திரும்ப வரவழைத்த கதை கொங்கு நாடு முழுக்கத் தெரியும். சினிமாவிலும் அப்படியே. விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ 1978இல் வந்து தமிழிலும் சக்கைப்போடு போட்டது. அந்தத் தந்திரக் காட்சிகளில் எது கயிறு, எது துணி என்று டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த பொடிப்பயலுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கத்தினோம். சாண்டோ சின்னப்பா தேவர் நிஜ யானையையும், பின்னால் இராம நாராயணன் பாம்பையும் குரங்கையும் பழக்கி நடிக்க வைத்தார்கள். முதலையை அப்படிச் சல்யூட் அடிக்க வைக்க முடியாது. அதனால் முதலைக்கு ரப்பர்தான் கதி.

இந்த இடத்தில் எங்கள் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து பேர், கான்ட்ராக்ட் வேலை, மூன்று ஷிஃப்ட். அவர்களில் ஒருவனுக்குக் கேந்திரபாடா மாவட்டம். பித்தர்கனிகா காடு இருக்கிற இடம். உவர்நீர் முதலைகள் 1,700க்கும் மேல் அங்கே இருக்கின்றன. 1975இல் அரசாங்கம் முதலைப் பாதுகாப்புத் திட்டத்தை அங்கே ஆரம்பித்தபோது இருந்ததைப் போலப் பல மடங்கு. காட்டுக்கு அது வெற்றி. ஆற்றங்கரை ஜனங்களுக்கு அது வேறு கணக்கு. குளிக்கப் போனவர், மாடு கழுவப் போனவர் திரும்பவில்லை என்ற செய்தி அங்கே அபூர்வமல்ல. படித்துறைகளைச் சுற்றி வேலி போட்டுத்தான் குளிக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒரு முதலைப் படம் பார்த்தான். திரையில் முதலை சிங்கம் மாதிரி கர்ஜித்தபோது விழுந்து விழுந்து சிரித்தான். ‘அங்கிள், எங்க ஊர்ல அது கத்தாது. தண்ணி ஆடாது. ஒண்ணுமே தெரியாது. அதுக்குள்ள முடிஞ்சுடும்’ என்றான். இவ்வளவு தெரிந்தவன் இதை எப்படிச் சிரித்துக்கொண்டு பார்க்கிறாய் என்று கேட்டேன். ‘இது சினிமா முதலை அங்கிள். இதைப் பார்த்துச் சிரிக்கலாம். அதைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறது?’ என்றான்.

நான் நீட்டி முழக்கிச் சொல்வதை அவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான். நிஜப் பயத்துக்கு நடுவில் வளர்ந்தவனுக்கும் பொய்ப் பயம் ஓர் ஆறுதல். பொய் என்று அதன் தாடையிலேயே எழுதியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நம் மாநிலத்திலும் இது இல்லாமல் இல்லை. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரைக் கிராமங்களில் முதலை கடித்து இறந்தவர்களும் காலை இழந்தவர்களும் உண்டு. பிடிபடும் முதலைகளை வனத்துறை கொண்டுபோய் வக்காரமாரி ஏரியில் விடுகிறது. அந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு முதலை விளையாட்டுப் பொருள் அல்ல என்பதை மறக்கக் கூடாது.

என் கட்சிக்கு எதிராகச் சொல்ல நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிப் படங்கள் ஒரு வாயில்லா ஜீவனை அரக்கனாகக் காட்டி, ஜனங்களை அதற்கு எதிராகத் திருப்பிவிடாதா? சும்மா ஒதுக்கித் தள்ள முடியாத கேள்வி. ‘ஜாஸ்’ நாவலை 1974இல் எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பின்னாளில் மனம் மாறி, சுறாக்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். அந்தப் படத்துக்குப் பிறகு சுறாக்கள் கொல்லப்பட்டதை நினைத்து வருந்துவதாக ஸ்பீல்பெர்க்கும் 2022இல் பிபிசி பேட்டியில் சொன்னார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுறாவுக்குக் கெடுதல் செய்தது மட்டமான படம் அல்ல, மிக நன்றாக எடுத்த படம். தையலே தெரியாமல் தைத்த படம். பார்த்தவர்கள் சினிமா என்பதை மறந்து, கடலில் கால் வைக்கவே பயந்தார்கள். பஞ்சு பிதுங்கிக்கொண்டு நிற்கும் ரப்பர் முதலையைப் பார்த்துவிட்டு யாரும் கம்பை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கம்பை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் வேறு.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். செம்பரம்பாக்கம் திறந்த அந்த நாட்களில், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று ஒரு செய்தி செல்போன் செல்போனாகச் சுற்றியது. ஒன்றும் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்கள் மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையில் மழைக்குள் ஒரு முதலை சாலையைக் கடந்து போகும் வீடியோ வந்தது. அது நிஜம். நம் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்திலிருந்து கிளம்பினால் அந்த இடம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன, கூச்ச சுபாவம் உள்ளவை, மனிதரை விட்டு விலகித்தான் போகும், பதற வேண்டாம் என்று வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாகு அன்றே விளக்கம் சொன்னார். அந்த முதலையும் தன்பாட்டுக்குப் புதருக்குள் போய்விட்டது.

அது போன பிறகுதான் வினை ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளம், தெரு, பெரிய முதலை. ‘நம்ம ஏரியில் இன்று காலை’ என்று தலைப்பு. அனுப்பியவர்கள் சின்னப் பையன்கள் இல்லை, எல்லாம் நம் வயதுக்காரர்கள்தான். அந்த வீடியோவில் ஓரமாக நின்ற காருக்கு ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. இந்தியாவில் எடுத்ததே இல்லை என்று குழுவில் எழுதினேன். அதற்குள் அது இருபது குழுக்களுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் ஏரிக்கரை வழியே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கரையில் தூண்டில் போடுகிற பெரியவரை விரட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் புது லேஅவுட் பையன்கள் சிலர், முதலைக் குட்டி என்று சொல்லி ஒரு பிராணியை அடித்துக் கொன்று போட்டோ எடுத்துப் போட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் போட்டோவைப் பார்த்ததுமே சொன்னார், ‘அட பாவிகளா, இது உடும்புடா.’

நிஜ முதலை யாரையும் தொடவில்லை. ரப்பர் முதலையும் யாரையும் தொடவில்லை. ஓர் உயிரை வாங்கியது பொய்யை நிஜம் என்று சொல்லி அனுப்பிய முதலைதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. சிறுத்தை அடுக்குமாடி லிஃப்டிலிருந்து இறங்குகிறது, புலியின் தலையை ஒருவர் தடவிக் கொடுக்கிறார். வயர் இல்லை, ஹின்ஜ் இல்லை, இடது பக்க ஸ்டீயரிங்கும் இல்லை. டூல் ரூமில் மைக்ரான் கணக்கில் பார்த்த கண்ணுக்கே சில சமயம் தட்டுப்படுவதில்லை.

எங்கள் பேரனுக்கு எட்டு வயது. என்னோடு உட்கார்ந்து ரப்பர் முதலை பார்த்துப் பார்த்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ‘தாத்தா, அந்த வாலுக்குள்ள ஆள் இருக்காரா?’, ‘கிட்ட வரும்போது மட்டும் ஏன் இருட்டாகுது?’ என்று கேட்கிறான். இப்போது செல்போனில் வருகிற புலியைப் பார்த்தும் கேட்கிறான், ‘இதை எடுத்தது யாரு? அவரு ஏன் ஓடல?’ அந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மட்டமான படம் சொல்லிக்கொடுத்தது. நன்றாகச் செய்த பொய்யை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்குத் தையலைத் தேடும் பழக்கம் எங்கிருந்து வரும்?

அதனால் படத்தைக் காட்டுங்கள், ஆனால் கூட உட்கார்ந்து காட்டுங்கள். பிறகு ஒரு நாள் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976இல் ஆரம்பித்தது. பதினாறு அடிக்கும் மேல் நீளமான உவர்நீர் முதலை ஒன்றுக்கு அங்கே சினிமாப் பெயரையே வைத்திருந்தார்கள், ‘ஜாஸ் 3’ என்று. இன்னொரு சமாச்சாரமும் அங்கே உண்டு. கொக்குகள் கூடு கட்டச் சுள்ளி தேடும் பருவத்தில், முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளைத் தாங்கிக்கொண்டு அசையாமல் கிடக்கின்றன. சுள்ளிக்கு ஆசைப்பட்டு வருகிற கொக்கு மாட்டிக்கொள்ளும். ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்து 2013இல் எழுதினார்கள். எந்தப் படக்காரரும் யோசிக்காத காட்சி! அதே வாயில் தாய் முதலை தன் குஞ்சுகளைப் பூப்போலத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போவதும் உண்டு. நிஜம் எவ்வளவு பெரியது என்று ரப்பரைப் பார்த்த பிள்ளைக்குத்தான் சட்டென்று உறைக்கும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுவில் அடுத்த முதலை வரும்போது, அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அதன் தாடையைப் பாருங்கள். காரின் ஸ்டீயரிங்கைப் பாருங்கள். எடுத்தவர் யார் என்று கேளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதலை பார்க்கும் ஆசை தீரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மாடிப் பையன்களுக்கு ஷிஃப்ட் இல்லையென்றால் அவர்களும் இருப்பார்கள். டீ என் பொறுப்பு.